வலியுல்லா எழுதிய குழாய்ப் பட்டியல்

மயிலாப்பூரில் ஒரு காலத்தில் குழாயைவிடக் குழாய்க்குள் இருக்கும் வாஷருக்குத்தான் மரியாதை அதிகம். வாஷர் என்பது ஒரு ரூபாய்க் காசு அகலம்கூட இல்லாத வட்டத் துண்டு. குழாயைத் திருகி மூடினால் தண்ணீர் சொட்டாமல் அடைத்துக்கொள்வது அதுதான். கடையில் வாங்கும் குழாயில் அதைத் தோலில் செய்து வைத்திருப்பான். மாட்டுத் தோலைத் தொட்டுக்கொண்டு வரும் தண்ணீரிலா ஸ்வாமிக்கு நைவேத்தியம் என்று, மாட வீதிகளில் பாதி வீடுகள் வாசல் வரை வந்த குழாயைத் திருப்பி அனுப்பிவிட்டன.

அந்த வீடுகளுக்கும் தண்ணீரைக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் ஃபிட்டர் வலியுல்லா. பெரிய வித்தை ஒன்றும் செய்துவிடவில்லை. கடைக் குழாயைப் பிரித்தார், தோலைத் தூக்கி எறிந்தார், பழைய மோட்டார் டியூபை வெட்டி ரப்பர் வட்டம் ஒன்று போட்டார். "இதுல தோல் கிடையாது மாமி, அல்லா சத்தியமா" என்று ஒரு வார்த்தை சொன்னார். அந்த ஒரு வார்த்தையை நம்பி மயிலாப்பூர் காபி குடித்தது. யாரும் குழாயைப் பிரித்துப் பார்த்ததில்லை. பிரித்துப் பார்க்க யாருக்கும் தெரியாது என்பது வேறு விஷயம்.

கச்சேரி ரோட்டில் மசூதிக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் மூன்றாம் எண் வீடு வலியுல்லாவுடையது. ஒட்டகம் மாதிரி உயரம், குரலும் அதற்குத் தகுந்தாற்போல். தோளில் ஒரு கித்தான் பை, பையில் ஸ்பானரும் சணலும் ஒரு நீளமான நோட்டுப் புத்தகமும். ஐயர் வீடுகளுக்குக் கொல்லை வழியாகத்தான் போவார். வேலையை முடித்துவிட்டு அவர் வெளியே வந்ததும், உள்ளே குழாயைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவுவார்கள். அதற்காக அவர் முகத்தைத் தூக்கிக்கொண்டதே இல்லை. "நல்லாத் தேயுங்க மாமி, பித்தளைக்குப் புளி ரொம்ப நல்லது" என்று வெளியிலிருந்து யோசனை வேறு சொல்லிவிட்டு வருவார்.

அவருடைய வேலையில் ஒரு பிடிவாதம் உண்டு. குழாயை மாட்டியதும் அதன் வாயில் கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டு நிற்பார். தண்ணீர் வந்து விரலைத் தள்ள வேண்டும். தள்ளினால்தான் அவர் கணக்கில் அது குழாய். அன்றைக்கு வராவிட்டால் மறுநாள் விடியற்காலை சுபுஹு தொழுகை முடிந்ததும் வந்து நிற்பார். எந்த நேரத்தில் வந்தது, எத்தனை நேரம் வந்தது, அல்லது வரவே இல்லையா என்று நோட்டில் எழுதிக்கொண்ட பிறகுதான் அடுத்த வீடு. செங்குன்றத்து ஏரியில் புறப்படும் தண்ணீர் பட்டணம் முழுவதையும் குளிப்பாட்டிவிட்டு மயிலாப்பூர் வந்து சேர்வதற்குள் அதற்கே தாகம் எடுத்துவிடும். அதனால் அந்த நோட்டில் 'வரவில்லை' என்ற வார்த்தைதான் அதிகம்.

ஊருக்கெல்லாம் குழாய் வைத்தவர் வீட்டில் குழாய் கிடையாது. தெருவோடு போன மெயின் பைப்பு சந்து முனையிலேயே நின்றுவிட்டது. குழாய் ஆபீசுக்கு வலியுல்லா எழுதிப்போட்ட மனுக்களைச் சேர்த்து வைத்திருந்தால் ஒரு குளிர்காலத்துக்கு வெந்நீர் போட்டிருக்கலாம். அவர் மனைவி ஹமீதுன்னிசா அந்நிய ஆண்கள் முன் வராத கோஷா பெண்மணி, தெருக் குழாய்க்குப் போக மாட்டாள். ஆகவே விடியற்காலையில் வலியுல்லாதான் குடம் குடமாகத் தூக்கிக்கொண்டு வருவார்.

"ஊருக்கெல்லாம் குழாய் வெச்சுக் குடுக்கறீங்க. நம்ம வூட்டுக்கு நீங்கதான் குழாய்" என்பாள் ஹமீதுன்னிசா.

கேலி செய்வாளே தவிர, அவளுக்கு அதில் மெய்யாகவே வருத்தம் இருந்தது. அந்த வருத்தத்துக்கு ஒரு சந்தர்ப்பம் வாய்த்தது மகள் குல்சுமுக்கு வரன் வந்தபோது.

பையன் ராயப்பேட்டை. தகப்பனார் பீர் முஹம்மது துருக்கித் தொப்பிக் கடை வைத்திருப்பவர். தலையில் எப்போதும் ஒரு சிவப்புத் தொப்பி, கடைக்கு அதைவிட நல்ல விளம்பரம் இல்லை. மாப்பிள்ளை பார்க்கப் போன வலியுல்லா அசந்துபோய்த் திரும்பினார். ஹால் நடுவில் எலெக்ட்ரிக் பல்பு! அதற்குப் பூப்போட்ட கண்ணாடிக் குடை! டீயும் சமோசாவும் கொடுத்து, சாயங்கால மகரிப் தொழுகைக்கு முன்னாலேயே மரியாதையாக வாசல் வரை வந்து வழியனுப்பினார்கள்.

"அவங்க வூட்ல கரண்டு வெளக்கு கீது" என்றாள் ஹமீதுன்னிசா கன்னத்தில் கை வைத்துக்கொண்டு. "குழாய்க்காரர் வூடுன்னு வர்றாங்க. இங்க ஒரு குழாய்கூட இல்லேன்னா இன்னா நெனப்பாங்க? எம் பொண்ணு அங்க போய்த் தலை நிமிந்து நிக்க வேணாமா?"

"பைப்பு இல்லாம குழாய்க்கு நான் எங்க போவேன்?"

"குழாயை மாட்டுங்க. பைப்பை யாரு பாக்கப் போறாங்க?"

வலியுல்லா வாழ்க்கையில் செய்த ஒரே திருட்டு வேலை அதுதான். முற்றத்துச் சுவரில் ஒரு சாண் பைப்பைப் புதைத்து, அதன் முனையில் பளபளவென்று ஒரு பித்தளைக் குழாயைத் திருகினார். சுவருக்குள்ளேயே ஆரம்பித்துச் சுவருக்குள்ளேயே முடிந்துபோன பைப்பு. பழக்க தோஷத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்த்துவிட்டு, வெட்கப்பட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

பெண் பார்க்க வந்தார்கள். பெண்கள் உள்ளே போனார்கள், பீர் முஹம்மது முற்றத்தில் உட்கார்ந்தார். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, பிற்பகல் அஸர் தொழுகைக்கு நேரமாகும் வரை. கை கால் கழுவி ஒளு செய்ய வேண்டும் என்று சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு அவர் நேராகக் குழாயை நோக்கி நடந்தார். வலியுல்லா பதறி எழுந்தார். திரைக்குப் பின்னாலிருந்து ஒரு வளையல் கை மின்னல் மாதிரி வந்து மூக்குச் செம்பில் தண்ணீரை வைத்துவிட்டு மறைந்தது.

"அட, ஆமாம்" என்றார் பீர் முஹம்மது தானாகவே. "மயிலாப்பூர் குழாய்ல இந்நேரத்துக்கு எங்க தண்ணி வரப் போவுது? ஆனா குழாய் ஜோரா கீது பாய், மாஷா அல்லா!"

வலியுல்லா ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. பொய் சொல்லவில்லையே என்று மனதைத் தேற்றிக்கொண்டார். மனம் அவ்வளவாகத் தேறவில்லை. ஆனாலும் நிச்சயம் ஆகிவிட்டது, ரஜப் மாதத்தில் நிக்காஹ் என்று பேசி முடித்தார்கள்.

இது நடந்தது முப்பத்துநாலாம் வருஷம் மாசி மாதம். சித்திரையில் புதுசாக ஒரு தலைவலி வந்தது. வீட்டு வரியோடு கட்டும் தண்ணீர் வரி போதாதாம். இனிமேல் வீட்டில் எத்தனை குழாய் இருக்கிறதோ அத்தனைக்கும், குழாய் ஒன்றுக்கு இவ்வளவு என்று தனிக் கட்டணமாம். செய்தி வந்த அன்று சாயங்காலமே மயிலாப்பூரில் கூட்டம் போட்டுவிட்டார்கள். கூட்டத்துக்குத் தலைமை வக்கீல் ராஜகோபாலன். கோர்ட்டில் அவ்வளவாகப் பேச வாய்க்காதவர், அந்தப் பாக்கி முழுவதையும் இங்கே பேசித் தீர்த்தார். தினமும் ஒரு கூட்டம், தினமும் ஒரு நோட்டீஸ். ஐயர், முதலியார், சாயபு என்ற பேதமில்லாமல் ஊரே ஒன்று சேர்ந்து திட்டியது. மழைகூட அப்படி எல்லோரையும் ஒன்று சேர்த்ததில்லை.

குழாய்களை எண்ண ஆபீஸிலிருந்து குமாஸ்தாக்கள் வந்தார்கள். ஐயர் வீடுகளில், மடி, உள்ளே வரக்கூடாது என்றார்கள். சாயபு வீடுகளில், கோஷா, உள்ளே வரக்கூடாது என்றார்கள். வாசலோடு நின்று கேட்டால் எல்லா வீட்டிலும் ஒரே ஒரு குழாய்தான். வடக்கு மாட வீதி அபயாம்பாள் மாமி மற்றவர்களைவிட ஒரு படி மேலே போனாள். நான்கு குழாய் உள்ள வீடு அவளுடையது. இடைகழியில் இருந்த குழாய் வாசலிலிருந்தே தெரியும். அதற்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, அருகம்புல் மாலையும் சாத்திவிட்டாள்.

"இது குழாயில்லே. பிள்ளையார்" என்றாள் குமாஸ்தாவிடம். அவன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனான்.

மூன்று வாரம் எண்ணியும் கணக்கு தேறவில்லை. அப்போதுதான் ஆபீஸில் யாருக்கோ மூளை வேலை செய்தது. மயிலாப்பூர் வீடுகளுக்குள் கொல்லை வழியாகப் போய் வந்த வெளி மனுஷன் ஒருத்தன்தானே இருக்கிறான்! வலியுல்லாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

இஞ்சினியர் நல்லவிதமாகத்தான் பேசினார். "நீர் வைத்த குழாய்களுக்கு ஒரு பட்டியல் எழுதிக் கொடும். ஒன்றுகூட விடவில்லை என்று கடைசியில் கையெழுத்துப் போடும். பத்து நாள் டைம். இல்லாவிட்டால் உம்முடைய ஃபிட்டர் லைசென்ஸை ரத்து பண்ணவேண்டியிருக்கும்."

லைசென்ஸ் போனால் சோறு போனது. மகளின் கல்யாணம் வேறு வாசலில் நிற்கிறது. வலியுல்லா நேராக ராஜகோபாலன் வீட்டுக் கொல்லைக்குப் போனார்.

வக்கீல் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "இதுக்கென்ன ஓய் யோசனை? பாதியை எழுதும், பாதியை முழுங்கும். நாலுன்னா ரெண்டுன்னு போடும். எவன் வந்து பார்க்கப் போறான்?"

"அது முடியாதுங்க வக்கீல் ஐயா."

"ஏன் முடியாது?"

"இன்னிக்கு உங்களுக்காக நான் பொய் எழுதறேன்னு வெச்சுக்கங்க. நாளைக்கு மாமி கேப்பாங்க. குழாய்ல பொய் சொன்ன இந்த வலியுல்லா, வாஷர்லயும் பொய் சொல்லியிருப்பானோன்னு. அப்பறம் இந்த ஊர்ல ஒருத்தர் வூட்லயும் ஒரு டம்ளர் தண்ணி உள்ள எறங்காது."

வக்கீலின் முகம் சிவந்தது. வாதத்தில் தோற்பது அவருக்குப் புதிதில்லை, ஃபிட்டரிடம் தோற்பது புதிது. "அப்போ ஊரைக் காட்டிக் கொடுக்கப் போறீராக்கும்! போம், போய் எழுதும். இனிமே இந்தக் கொல்லை வாசலை மிதிக்கவேண்டாம்" என்று கதவைச் சாத்திவிட்டார்.

வலியுல்லா வீட்டுக்கு வந்து நோட்டை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார். வீடு, குழாய், தண்ணீர் வரும் நேரம், குறிப்பு என்று நான்கு பத்தி போட்டார். ஆபீஸ் கேட்டது எண்ணிக்கை மட்டும்தான். ஆனால் நேரம் எழுதாமல் குழாயை எழுத அவருக்குக் கை வராது. நான்கு நாள் எழுதினார். ஐந்தாம் நாள் மத்தியானம் கடைசி வரியில் பேனா நின்றுவிட்டது. நிமிர்ந்து முற்றத்துச் சுவரைப் பார்த்தார்.

ஹமீதுன்னிசாவுக்குப் புரிந்துவிட்டது. "அதை எழுதாதீங்க."

"ஒண்ணுகூட வுடலேன்னு கையெழுத்துப் போடணுமே."

"அதுல தண்ணியே வராதே, அது எப்படிங்க குழாய் ஆவும்?"

"அபயாம்பாள் மாமி வூட்டு மாடிக் குழாய்லகூடத்தான் தண்ணி வராது. அதை எழுதிட்டேனே!"

"அப்ப கழட்டிப் பொட்டில வெச்சுட்டு எழுதுங்க."

"சம்பந்தி பாத்துட்டாரே. நிக்காஹுக்கு வர்றப்ப குழாய் எங்கேன்னு கேட்டா? அப்ப இன்னொரு பொய் வேணும்."

ஹமீதுன்னிசா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "பொண்ணு கல்யாணம் நின்னு போச்சுன்னா? நாலு பேர் முன்னாடி அதைப் படிச்சாங்கன்னா அவங்க இன்னா நெனப்பாங்க? குழாயே பொய்னா பொண்ணைப் பத்திச் சொன்னதெல்லாமும் பொய்யா இருக்கும்னு நெனைக்க மாட்டாங்களா?"

வலியுல்லா பேனாவைக் கீழே வைத்தார். வக்கீலிடம் அவரே சொன்ன நியாயம்தான் அது, இப்போது திரும்பி வந்து அவர் கழுத்தையே பிடித்தது. உள்ளே குல்சும் ஏதோ பாட்டு முணுமுணுத்துக்கொண்டு கல்யாணத் துப்பட்டாவுக்கு ஜரிகை தைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பாட்டைக் கேட்டுக்கொண்டே பேனாவை எடுத்து மறுபடி மையில் தோய்த்தார். பிறகு பிஸ்மில்லா சொல்லி எழுதினார். எழுதியதும் கடைசிப் பக்கத்தில், கடைசி வரியாகத்தான். அதுவரைக்கும் யார் படிக்கப் போகிறார்கள் என்று ஒரு நப்பாசை, அவரும் மனுஷன்தானே.

பட்டியல் ஆபீஸுக்குப் போன செய்தி மறுநாளே ஊருக்குத் தெரிந்தது. வலியுல்லா தெருவில் நடந்தால் ஜன்னல்கள் சாத்திக்கொண்டன. பார்பர் ஷாப்பில்கூடப் பேச்சு நின்றது. மூன்று வாரமாக ஒரு வீட்டிலிருந்தும் கூப்பிடவில்லை. அபயாம்பாள் மாமி வீட்டுக் குழாய் ஒழுகியபோது, வீம்புக்காகத் தேனாம்பேட்டையிலிருந்து வேறு ஒரு ஃபிட்டரைக் கூட்டிவந்தாள். அவன் பளிச்சென்று வேலையை முடித்துவிட்டு, "நல்ல கெட்டித் தோலாப் போட்டிருக்கேன் மாமி, பத்து வருஷத்துக்குக் கவலையில்லே" என்று பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனான். வீடு முழுவதும் புண்ணியாகவாசனம் செய்து, குடித்த தண்ணீருக்குப் பிராயச்சித்தம் செய்து முடிக்க மாமிக்கு இரண்டு நாள் ஆயிற்று.

வைகாசியில் ஆட்சேபணைகளைக் கேட்க ஆபீஸே ஒரு கூட்டம் வைத்தது. குளத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூட ஹால். உட்கார இடமில்லை, ஜன்னலில்கூட ஆள். பெண்கள் ஒரு பக்கம் பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள், முதல் வரிசையில் அபயாம்பாள் மாமி. வலியுல்லா கடைசி பெஞ்சில் போய் ஒடுங்கினார். உட்கார்ந்த பிறகுதான் கவனித்தார், மூன்றாவது வரிசையில் ஒரு சிவப்புத் துருக்கித் தொப்பி. ராயப்பேட்டைக்கும் இதே கட்டணம்தானே, பீர் முஹம்மது வராமல் இருப்பாரா!

இஞ்சினியர் எழுந்தார். "நான்கு குழாய் வைத்துக்கொண்டு ஒன்று என்கிறீர்கள். உண்மை எங்களிடம் இருக்கிறது. மயிலாப்பூரில் மட்டும் எண்ணூற்றுப் பதினேழு குழாய்கள். உங்கள் ஃபிட்டரே எழுதிக் கொடுத்திருக்கிறார்."

ஹால் முழுவதும் திரும்பிக் கடைசி பெஞ்சை முறைத்தது. ராஜகோபாலன் துள்ளி எழுந்தார். "எண்ணிக்கை மட்டும் சொன்னால் போறுமா? எந்த வீடு, எந்தக் குழாய்? பட்டியலைப் படிக்கட்டும், நான் ஒவ்வொண்ணுக்கும் ஆட்சேபணை சொல்றேன்!"

இஞ்சினியர் தாராளமாகச் சிரித்துக் குமாஸ்தாவிடம் காகிதக் கட்டைக் கொடுத்தார். ஆபீஸில் அந்தப் பட்டியலைக் கூட்டினார்களே ஒழிய, ஒருவரும் படிக்கவில்லை. எண்ணிக்கைப் பத்தியை மட்டும் கூட்டிவிட்டு மூடி வைத்துவிட்டார்கள்.

குமாஸ்தா தொண்டையைச் சரிசெய்துகொண்டு ஆரம்பித்தான். "வடக்கு மாட வீதி, கதவு எண் ஒன்பது, அபயாம்பாள் அம்மாள். குழாய் நான்கு. கொல்லைக் குழாய், தண்ணீர் வரும் நேரம் காலை நாலரை முதல் ஐந்தே கால் வரை. சமையல் உள் குழாய், வருவதில்லை. மாடிக் குழாய், வைத்த நாளாக வருவதில்லை. நாலாவது..." என்று தயங்கி இஞ்சினியரைப் பார்த்தான். "படியேன்" என்றார் அவர். "நாலாவது குழாய், தற்சமயம் பிள்ளையாராக இருக்கிறது."

ஹால் அதிர்ந்தது. "அதுலயும் ஜலம் வராது!" என்று மாமி முதல் வரிசையிலிருந்து கத்தினாள்.

"தெற்கு மாட வீதி, வக்கீல் ராஜகோபாலன். குழாய் மூன்று. கொல்லைக் குழாய், காலை ஐந்து முதல் ஐந்தரை வரை, வெள்ளிக்கிழமை நீங்கலாக. நடுக் குழாய், காற்று மட்டும் வரும். மாடிக் குழாய், வருவதில்லை. குறிப்பு: வக்கீல் ஐயா இதில் குடை மாட்டுகிறார்."

ராஜகோபாலன் வாயைத் திறந்தார், ஆட்சேபணை சொல்ல ஒன்றும் இல்லை. அப்புறம்தான் விஷயம் அவர் மண்டையில் ஏறியது. முகம் மலர்ந்தது. "மேலே படி!" என்று கர்ஜித்தார்.

குமாஸ்தா படிக்கப் படிக்க, ஒவ்வொரு வீட்டுக்காரரும் தன் வீடு வந்ததும் எழுந்து நின்று, ஆமாம் ஆமாம் என்று சாட்சி சொன்னார். தவளை குடியிருக்கும் குழாய், குழந்தைகள் ஊதி விளையாடும் குழாய், தீபாவளிக்கு மட்டும் வந்த குழாய் என்று பட்டியல் நீண்டது. இஞ்சினியர் இரண்டு தடவை நிறுத்தச் சொன்னார், கூட்டம் விடவில்லை. கடைசிப் பக்கம் வந்தபோது, எண்ணூற்றுப் பதினேழில் தினமும் தண்ணீர் வருவது இருநூற்று மூன்று என்று ராஜகோபாலன் விரல்விட்டு எண்ணிச் சொன்னார். "இந்தக் கணக்குப்படி பார்த்தால் பாக்கிக் குழாய்களுக்கு நீங்கள்தான் எங்களுக்கு வாடகை தரணும்! உங்க குழாயை நாங்க சுவத்திலே வெச்சுக் காப்பாத்தறோம்!"

அதோடு நிறுத்தியிருக்கலாம். ருசி கண்ட கூட்டம் நிறுத்துமா? "கடைசி வரைக்கும் படி, கடைசி வரைக்கும் படி" என்று ஒரே சத்தம். வலியுல்லா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். எழுந்து போய்விடலாம் என்றால் வாசல் வரைக்கும் ஆள்.

"கச்சேரி ரோடு, மசூதிச் சந்து, கதவு எண் மூன்று. வலியுல்லா, ஃபிட்டர். குழாய் ஒன்று. தண்ணீர் வருவதில்லை. குறிப்பு: இந்தக் குழாய்க்குப் பைப்பு இல்லை. சந்தில் மெயின் கிடையாது. சம்பந்தி வீட்டார் பார்ப்பதற்காகச் சுவரில் பதித்தது. பார்த்தவர்கள் மன்னிக்கவும்."

முதலில் சிரிப்பு வெடித்தது. பிறகு யாரோ கடைசி பெஞ்சைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்த ஒட்டக உயர மனுஷன் தலையைக் குனிந்துகொண்டு, தன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சிரிப்பு அடங்கிவிட்டது. சிவப்புத் தொப்பி திரும்பவே இல்லை.

கட்டணப் பேச்சு மறு யோசனைக்கு வைக்கப்படும் என்று இஞ்சினியர் சொன்னதும், கூட்டம் கோஷம் போட்டுக்கொண்டு வெளியே பாய்ந்ததும், ராஜகோபாலன் தேடிக்கொண்டு ஓடிவந்து வலியுல்லாவின் கையைப் பிடித்துக் குலுக்கியதும் எல்லாம் நடந்தன. "கொல்லை வழியா வேண்டாம் ஓய், நாளைக்கு வாசல் வழியா வாரும். நான் மடையன்" என்றார் வக்கீல். வலியுல்லா தலையை ஆட்டினாரே ஒழிய, ஒன்றும் காதில் ஏறவில்லை. அவர் கண் சிவப்புத் தொப்பியையே தேடிக்கொண்டிருந்தது.

தொப்பி குளத்தங்கரையில் நின்றது. வலியுல்லா கிட்டே போனார். "பாய்..." என்று ஆரம்பித்தார்.

பீர் முஹம்மது குளத்தைப் பார்த்தபடியே கேட்டார். "எங்க வூட்டு ஹால்ல பல்பு பாத்தீங்களே, ஞாபகம் கீதா?"

"கீது பாய். பூப்போட்ட குடை."

"அது எரியாது."

வலியுல்லா விழித்தார்.

"எங்க தெருவுக்குக் கரண்டே இன்னும் வரல. மூர் மார்க்கெட்டுல வாங்கியாந்து உத்தரத்துல கயிறு கட்டித் தொங்க வுட்டேன். லாந்தரைப் பீரோவுக்குப் பின்னாடி ஒளிச்சு வெச்சுட்டு, இருட்டறதுக்குள்ள நீங்க எப்படா எந்திரிப்பீங்கன்னு பாத்துக்கினு உக்காந்திருந்தேன்."

"அதான் மகரிப்புக்கு முன்னாடியே வாசல் வரிக்கும் வந்து அனுப்பி வெச்சீங்களா!"

"ஆமா." பீர் முஹம்மது இப்போதுதான் திரும்பினார். கண் கலங்கியிருந்தது. "ஆனா ஒண்ணு சொல்றேன் பாய். நாளைக்கு எவனாவது வந்து பல்பு லிஸ்ட்டு எழுதுன்னு சொன்னா, உங்கள மாதிரி என்னால எழுத முடியாது. எம் பையனுக்கு இந்த வூட்டுப் பொண்ணுதான் வேணும். ரஜப் வரைக்கும்கூட எதுக்குக் காத்திருக்கணும்?"

வலியுல்லாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில், குளத்துப் படியில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

குழாய்க் கட்டணம் அந்த வருஷமும் வரவில்லை, அடுத்த வருஷமும் வரவில்லை. அபயாம்பாள் மாமி மறுநாளே ஆளனுப்பி, அந்தத் 'தேனாம்பேட்டைக் கடங்காரன்' போட்ட தோலை எடுத்துவிட்டு ரப்பர் போடச் சொன்னாள். பிள்ளையார் மட்டும் பிள்ளையாராகவே இருந்துவிட்டார், மாமிக்கு மஞ்சளைக் கழுவ மனம் வரவில்லை. நிக்காஹ் ரஜப் பிறப்பதற்கு முன்னாலேயே ஜாம் ஜாமென்று நடந்தது. முற்றத்துக் குழாயில் மாப்பிள்ளை வீட்டார் மல்லிகைச் சரம் கட்டினார்கள். பீர் முஹம்மது சீரோடு சீராக அந்தப் பல்பையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்.

மசூதிச் சந்துக்கு மெயின் பைப்பு வந்தது அதற்கு நான்கு வருஷம் கழித்து. குல்சும் இரண்டாவது பிரசவத்துக்கு வந்திருந்த சமயம். சுவருக்குள் முடிந்துபோன அந்த ஒரு சாண் பைப்போடு வலியுல்லா புதுப் பைப்பைத் தன் கையால் இணைத்தார். மறுநாள் சுபுஹு தொழுதுவிட்டு வந்து, குழாயின் வாயில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு நின்றார். ஹமீதுன்னிசா அரிக்கேன் விளக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

முதலில் காற்று வந்தது. பிறகு விரலைத் தள்ளிக்கொண்டு தண்ணீர் வந்தது. வலியுல்லா நோட்டில் நேரம் எழுதிக்கொண்டு குழாயை மூடப் போனார். மூடினார், திருகினார், இன்னும் திருகினார். தண்ணீர் நிற்பதாக இல்லை. தலைப்பக்கத்திலும் பீய்ச்சியது, பக்கவாட்டிலும் பீய்ச்சியது. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரையும் தலையோடு குளிப்பாட்டியது. பொய்க் குழாய்தானே என்று அன்றைக்கு அவர் தோலை எடுத்து எறிந்ததோடு சரி, உள்ளே ரப்பர் வாஷரே போட்டிருக்கவில்லை.

விளக்கு அணைந்துபோயிற்று. ஹமீதுன்னிசா நனைந்த முக்காட்டைக்கூட எடுக்கத் தோன்றாமல், தண்ணீரில் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு சிரித்துக்கொண்டே நின்றாள்.

"ஊருக்கெல்லாம் வாஷர் போட்டீங்களே," என்றாள், "நம்ம வூட்டுக் குழாய்ல இன்னாங்க போட்டீங்க?"

"இதுலயும் தோல் கிடையாது ஹமீதா" என்றார் வலியுல்லா, "அல்லா சத்தியமா."